பன்னிரண்டு வோல்ட்

"ஒரு தடவை ரோட்டுல நிக்கிறான், பழைய டைனமோ திரும்ப மாட்டுறான். நீ பத்துச்சீட்டு எடுக்கிறான். தெரியுதா?"

பெரிய துரை தோட்டத் தமிழில் சொன்னது அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் பைப்பைப் பற்ற வைத்துக்கொண்டார். நிற்கப் போவது ஜீப். பத்துச்சீட்டு எடுக்கப் போவது, எதிரே எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அழகுமுத்து. பத்துச்சீட்டு கைக்கு வந்தால் வேலை போகும். வேலையோடு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை இறங்க வேண்டியதுதான்.

"நிக்காதுங்க தொரை" என்றான் அழகுமுத்து.

வாய்தான் பணிவாகப் பேசியது. பின்னால் கட்டிய விரல்கள் ஒன்றையொன்று முறித்துக்கொண்டிருந்தன.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து, செப்டெம்பர் மாதம். உடப்புசல்லாவைப் பக்கம் ஊசிப்பாறைத் தோட்டம். அழகுமுத்து அந்தத் தோட்டத்து ஸ்டோர் என்கிற தொழிற்சாலையில், தேயிலை அரைக்கும் இயந்திரங்களைக் கவனிக்கும் ஆள். தோட்டத்துக்கு ஒரே ஒரு ஜீப். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்டுப் போனது. பகலில் துரை மலை சுற்றுவதற்கு அது. துரைக்கு வேலையில்லாத நேரத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிக்கு அது. வரிசை எப்போதும் அப்படித்தான். முதலில் துரை, அப்புறம் உயிர்.

அந்த ஜீப்புக்கு ஆறு வோல்ட் பட்டரி. அதற்குத் தீனி போட ஒரு நோஞ்சான் டைனமோ. பனி மூட்டத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடினால், டைனமோ கொடுப்பதைவிட விளக்கு தின்பது அதிகம். ஒரு மணி நேரம் ஓடி நிறுத்தினால், மறுபடி உசுப்பப் பத்துப் பேர் தள்ள வேண்டும்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழகுமுத்துவின் அக்கா வீரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். குடல் வெடிக்கப் போகிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார் தோட்டத்து மருந்துக்கார ஐயா. ஜீப்பில் ஏற்றினார்கள். டிரைவர் லியனார்ட் ஸ்டார்ட்டரை மிதித்தான். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முதல் நாள் துரை மரை மான் வேட்டைக்குப் போய், பெரிய விளக்கைக் காட்டுக்குள் அடித்து அடித்துப் பட்டரியை உறிஞ்சி வைத்திருந்தார்.

தள்ளினார்கள். என்ஜினைச் சுழற்றும் கைப்பிடியைச் சுற்றினார்கள். அது திருப்பி உதைத்து ஒருவனுடைய மணிக்கட்டை உடைத்தது. கடைசியில் கம்பளியில் போட்டுத் தோளில் சுமந்து ஓடினார்கள். மூன்றாவது மைல் கல்லுக்கு அருகே வீரம்மாவின் முனகல் நின்றது.

அன்றைக்கு அழகுமுத்து தோட்டத்தில் இல்லை. வட்டவளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது அக்காவுக்குப் பதில் மண்மேடு இருந்தது.

மூன்று நாள் ஸ்டோர் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் ஸ்டோருக்குப் பின்னால், பள்ளத்தில் உருண்டு கழித்துப் போட்டிருந்த தோட்டத்து லொறியின் வயிற்றுக்குள் புகுந்தான். வெளியே வந்தபோது அவன் கையில் பன்னிரண்டு வோல்ட் டைனமோ ஒன்று இருந்தது.

அதை ஜீப்பில் ஏற்றுவதற்கு நான்கு மாதம் பிடித்தது. லொறி சீமைக்காரன் செய்தது, ஜீப் அமெரிக்காக்காரன் செய்தது. ஒன்றின் துளை மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஸ்டோர் உலையில் இரும்பைக் காய்ச்சித் தாங்கி அடித்தான். பெல்ட் ஓடும் சக்கரத்தை நூல் பிடித்து நேராக்கினான். பன்னிரண்டு வோல்ட் பட்டரியை ஏற்றினான், விளக்குக் குமிழ்களை மாற்றினான், எரிபொறிச் சுருளை மாற்றினான். லொறிக்காரன் பட்டரியின் எந்த முனையை உடம்போடு கட்டுவானோ, ஜீப்காரன் அதற்கு நேர்மாறான முனையைக் கட்டுவான். அதையும் கண்டுபிடித்து, டைனமோவுக்கு ஜீப்பின் வழக்கத்தைப் பழக்கினான். எல்லாம் வேலை முடிந்த பிறகு, மாலை நேரங்களில்.

லியனார்ட் பீடியைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பான்.

"ஏன்டா முத்து, லொறி எருமையக் கொண்டாந்து ஜீப்புக் குதிரையில கட்டுறியே, ரெண்டும் சேந்து உழுதுருமா?"

"குதிரை அன்னைக்கு ஓடுன ஓட்டத்ததான் ஊரே பாத்துச்சே."

லியனார்டின் சிரிப்பு அதோடு நின்றுவிடும். 'அன்னைக்கு' என்றால் எந்த நாள் என்று இருவருக்கும் தெரியும். வேட்டைக்கு ஜீப்பை ஓட்டியவன் லியனார்ட். பட்டரி செத்துக் கிடந்தது தெரிந்தும், ராத்திரியே ஸ்டோரில் சொல்லிச் சார்ஜ் ஏற்றி வைக்காதவன் லியனார்ட். அழகுமுத்து அதை மறக்கவில்லை. மறக்க விரும்பவுமில்லை.

புதிய ஏற்பாட்டில் அழகுமுத்துவுக்குப் பிடித்தமான பொருள் ஒன்று உண்டு. கட்டவுட் பெட்டி. கையளவு கறுப்புப் பெட்டி. டைனமோவுக்கும் பட்டரிக்கும் நடுவில் காவல்காரன் மாதிரி நிற்கும். உள்ளே மிளகு அளவில் இரண்டு உலோகப் பொட்டுகள். டைனமோ வேகமாகச் சுற்றினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பட்டரிக்குப் போகும். என்ஜின் நின்றால் பிரிந்துகொள்ளும், பட்டரியில் இருப்பது திரும்பி ஓடாது. லொறியிலிருந்து அதைக் கழற்றி, ஒவ்வொரு திருகாகத் துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டியிருந்தான்.

"மூளை இதுதான். மத்ததெல்லாம் வெறும் ஒடம்பு" என்பான்.

துரை ஓட்டிப் பார்த்தார். கால் வைத்ததும் என்ஜின் சீறிக்கொண்டு எழுந்தது. விளக்கைப் போட்டால் எதிர் மலையில் கொழுந்துச் செடி தனித்தனியாகத் தெரிந்தது. துரைக்குப் பிடித்துவிட்டது. அப்போது பக்கத்தில் நின்ற கண்டாக்கையா சூசைரட்ணம் குனிந்து ஏதோ இங்கிலீசில் சொன்னார். தேயிலை மலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்குக்கு என்ஜின் விஷயத்தில் என்ன வேலை? ஒன்றுமில்லை. தன்னைக் கேட்காமல் ஒரு லயத்துக்காரன் நேராகத் துரையிடம் பேசியது அவருக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். துரை தலையாட்டினார். பிறகுதான் அந்த நிபந்தனை விழுந்தது.

ஒரு தடவை நின்றால் பழைய டைனமோ. ஒரு தடவை நின்றால் பத்துச்சீட்டு.

ஐந்து வாரம் ஓடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஆயுத பூசை வந்தது.

ஸ்டோர் முழுக்கக் கழுவி விட்டார்கள். ரோலர், அடுப்பு, பெரிய என்ஜின், திருகு சாவி, சுத்தியல், எல்லாவற்றுக்கும் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். அன்றைக்கு எந்தக் கருவியையும் எடுத்து வேலை செய்யக் கூடாது. அவை ஓய்வெடுக்கிற நாள். ஜீப்பைக் கழுவிச் செவ்வந்தி மாலை சுற்றி, ஸ்டோர் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அழகுமுத்து தானே அரைத்த சந்தனத்தோடு வந்தான். பன்னீர் கொஞ்சம் தாராளமாகவே விழுந்திருந்தது. கிண்ணத்தைச் சாய்த்தால் ஓடுகிற பதம்.

ஜீப்புக்கு உள்ளே மாதா படம் ஒட்டியிருந்த லியனார்ட், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மாதாவுக்கும் பொட்டு வச்சிராத, முத்து. சாமியார் என்னைக் கேள்வி கேப்பாரு."

"ஒன் மாதாவ நீயே பாத்துக்க. எனக்கு என் டைனமோ போதும்."

பொனட்டுக்கு ஒரு பொட்டு. விளக்குகளுக்கு ஒவ்வொன்று. பட்டரிக்கு ஒன்று. மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் மீட்டரின் கண்ணாடிக்கு, பெரிதாக, வட்டமாக ஒன்று. எல்லோரும் கற்பூரம் கும்பிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாசலில் கண்டாக்கையாவோடு ஏதோ பேசிச் சிரித்துவிட்டு லியனார்டும் போனான்.

மறுநாள் வேலை தொடங்கியது. காலையில் ஸ்டார்ட்டரை மிதித்ததும் ஜீப் சீறியது. லியனார்ட் துரையோடு கிளம்பிப் போனான்.

பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். நாலாம் நம்பர் மலையிலிருந்து கூக்குரல் கேட்டது.

குளவி!

கொழுந்துச் செடிக்குள் இருந்த கூட்டை யாரோ கூடையால் இடித்துவிட்டார்கள். மற்றவர்கள் தலையில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு ஓடித் தப்பினார்கள். பத்தொன்பது வயதுச் சண்முகவடிவு தடுக்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு வந்தபோது முகம் முகமாக இல்லை. கண் இரண்டும் வீங்கி மூடிக்கிடந்தன. மூச்சு விசில் அடித்தது.

மருந்துக்கார ஐயா ஊசி போட்டார். நாடியைப் பிடித்தார். முகம் மாறியது.

"தொண்டை அடைச்சுக்கிட்டு வருது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இப்பவே!"

பதினாறு மைல். கந்தப்பளை வழியாக நுவரெலியா. முழுக்க ஏற்றம்.

அப்போதுதான் துரையைப் பங்களாவில் இறக்கிவிட்டு வந்த ஜீப், மருந்துச்சாலை வாசலில் நின்றது. பின்னால் பெண்ணைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய அம்மா காளியாயி ஏறினாள். லியனார்ட் கியரைப் போடுவதற்குள் ஸ்டோரிலிருந்து ஓடி வந்த அழகுமுத்து முன்னால் தாவி உட்கார்ந்தான்.

"நீ எதுக்குடா?"

"அன்னைக்கு நான் இல்ல. இன்னைக்கு இருக்கேன். ஓட்டு!"

நாலு மைல் வரை பறந்தார்கள். ஐந்தாவது மைலில் பனி இறங்கியது. பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டியது மாதிரி. பொனட்டுக்கு அப்பால் உலகம் இல்லை. லியனார்ட் விளக்கைப் போட்டான்.

எதிர் மலை வரை பாய வேண்டிய வெளிச்சம், பத்தடி போய் விழுந்தது.

அழகுமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். "காலையில இருந்து லைட்டு போட்டியா?"

"பனி கட்டியிருந்தா போடாம எப்படி ஓட்டுறது? மூணு டிவிசனும் சுத்துனாரு தொரை. இருவது எடத்துல நிப்பாட்டி இருவது தடவ ஸ்டார்ட் பண்ணேன்."

வெளிச்சம் மஞ்சளானது. பிறகு செம்பு நிறமானது.

"மீட்டரப் பாருய்யா! மீட்டர்ல முள்ளு எங்க இருக்கு?"

"எங்க பாக்குறது? நீதான் அம்மாம் பெரிய பொட்டு வச்சு மூடி வச்சிருக்கியே! சாமி பொட்டை நான் அழிச்சா, வேதக்காரன் அழிச்சான்னு நாளைக்கு லயமே சண்டைக்கு வருமே!"

அழகுமுத்து கட்டை விரலால் கண்ணாடியைத் தேய்த்தான். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. முள் இறங்குகிற பக்கம் சாய்ந்து படுத்திருந்தது. டைனமோவிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை. காலையிலிருந்து பட்டரியை மட்டுமே தின்றுகொண்டு ஓடியிருக்கிறார்கள்.

என்ஜின் ஒரு முறை விக்கியது. இரண்டாம் முறை விக்கியது. விளக்கு பீடி நுனியளவு சிவந்து, அணைந்தது. ஏற்றத்தின் நடுவில், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், ஜீப் நின்றே விட்டது.

பின்னால் சண்முகவடிவின் மூச்சு மட்டும் கேட்டது. ஊய்... ஊய்...

லியனார்ட் இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தான். நிமிர்ந்தான்.

பளார்!

அறை விழுந்த வேகத்தில் தொப்பி பள்ளத்தில் போய் விழுந்தது.

"துரோகி!" அழகுமுத்துவின் குரல் பனியில் எங்கோ மோதித் திரும்பியது. "நேத்து சாயந்திரம் கண்டாக்கோட ஸ்டோர் வாசல்ல நின்னு என்னடா சிரிப்பு? எந்த ஒயரக் கழட்டுன? எவ்வளவு நாளா பேசி வச்சீங்க? எங்கக்காவக் கொன்னது பத்தலயா? இந்தப் புள்ளையும் வேணுமா?"

லியனார்ட் கன்னத்தைத் தொடவில்லை. கண் மட்டும் சிவந்தது.

"ஒங்கக்காவ நான் கொன்னேனா? வேட்டை லைட்ட நானாடா அடிச்சேன்? பட்டரி எறங்குது தொரைன்னு அன்னைக்கே சொன்னேன். வாய மூடிக்கிட்டு ஓட்டுன்னாரு. மூடிக்கிட்டு ஓட்டுனேன். எனக்கும் காம்பரா இருக்கு, மூணு புள்ள இருக்கு. ராத்திரியே ஸ்டோருக்கு வந்து சொல்லல, அது என் தப்பு. அதை எந்த நாளும் நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்." அவன் குரல் உடைந்து, மறுபடி முறுக்கேறியது. "அறையணும்னா அங்க போய் அறை! மலை உச்சியில பங்களா இருக்கு! போயேன்! முடியுமா? முடியாது. ஒன் கைக்கு எட்டுறது நான் ஒருத்தன்தான்."

"ஏய்யா!" காளியாயியின் அலறல் இருவரையும் வெட்டியது. "நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிறதுக்கு எம்புள்ள உசிருதான் கெடச்சுதா? நாளைக்கு அடிச்சுக்கிட்டுச் சாவுங்க! இப்ப வண்டிய எடுங்கடா பாவிங்களா!"

அழகுமுத்து பொனட்டைத் தூக்கினான். எந்த ஒயர் கழன்றிருக்கிறது என்று இவன் மூஞ்சியிலேயே காட்ட வேண்டும். அந்த வெறியில் தேடினான். பட்டரி ஒயர் இறுக்கம். டைனமோ ஒயர் இறுக்கம். பெல்ட் விறைப்பாக இருந்தது. மிச்சம் இருப்பது கட்டவுட் பெட்டி. இரண்டு திருகைக் கழற்றி மூடியை எடுத்தான்.

உள்ளே மஞ்சளாக ஏதோ இருந்தது.

ஒரு கணம் அது என்னவென்றே அவனுக்குப் புரியவில்லை. பிறகு வாசனை வந்தது. பன்னீர் வாசனை.

சந்தனம்.

நேற்று கற்பூரம் காட்டி, எல்லோரும் போன பிறகு, கடைசியாக அவன் மட்டும் நின்றான். மூளைக்குப் பொட்டு வைக்காமல் உடம்புக்கு மட்டும் வைத்தால் எப்படி என்று தோன்றியது. மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த சுருளின் நெற்றியில், அக்காவை நினைத்துக்கொண்டு, ஒரு பொட்டு வைத்தான். தண்ணீர்ப் பதமாக இருந்த சந்தனம் ராத்திரி மெல்ல வழிந்திருக்கிறது. வழிந்து, மிளகளவு உலோகப் பொட்டுகள் இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்து, கல்லாகக் காய்ந்திருக்கிறது. பொட்டுகள் ஒட்டவே முடியவில்லை. காவல்காரன் வாயில் மண்.

அவன் கையால். அவனே அரைத்த சந்தனத்தால்.

லியனார்ட் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் வாசனை பட்டது. திரும்பி அழகுமுத்துவைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பதில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று இருந்தது அழகுமுத்துவுக்கு.

"கத்தி இருக்கா?" என்றான்.

லியனார்ட் மடக்குக் கத்தியை நீட்டினான். அழகுமுத்து அதன் நுனியால் சுரண்டினான். பீடிக் கட்டைச் சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்து, இரண்டு பொட்டுகளுக்கும் நடுவில் விட்டு இழுத்தான். மஞ்சள் வந்தது. மறுபடி இழுத்தான். வெள்ளையாக வந்தது.

"பட்டரியில உசுப்புற அளவுக்கு இல்ல. ஆனா லைட்ட அணைச்சுப் போட்டதுல கொஞ்சம் மூச்சு திரும்பியிருக்கும். பொறி விழுறதுக்கு அது போதும். பின்னால உருட்டு. ரிவர்சுல விட்டு எழுப்பு."

"பின்னாலயா? ரோடே தெரியல. ஒரு மொழம் தப்புனா பள்ளம்."

"நான் பள்ளத்துப் பக்கம் நிக்கிறேன். என் கொரல் கேக்குற எடம் வரைக்கும் ரோடு. அதுக்கு மேல போனா மொதல்ல நான் விழுறேன்."

லியனார்ட் அவனை ஒரு பார்வை பார்த்தான். ஏறி உட்கார்ந்தான்.

அழகுமுத்து கல்லை எடுத்துவிட்டு, விளிம்பில் நின்று கத்தத் தொடங்கினான். "வா! வா! நேரா வா!" ஜீப் பனிக்குள்ளிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு அவனை நோக்கி உருண்டது. பின்னோக்கி ஓடிக்கொண்டே கத்தினான். குதிகாலுக்குக் கீழே சரளை நழுவிப் பள்ளத்தில் விழும் சத்தம் கேட்டது. விழுந்த கல் அடியைத் தொட்ட சத்தம் வரவேயில்லை. "வலது! வலது ஒடி! நேரா! இப்ப விடு!"

கிளட்ச் விழுந்தது. ஜீப் குலுங்கியது. இருமியது. செத்தது.

"இன்னொரு தடவ!"

இன்னும் பத்து கஜம். வளைவு வந்துவிடும். வளைவுக்குப் பிறகு உருட்ட நேரான ரோடு இல்லை. பின்னாலிருந்த மூச்சுச் சத்தம் இழுத்து இழுத்து வந்தது. காளியாயி எல்லாச் சாமியையும் ஏசிக்கொண்டிருந்தாள்.

"விடு!"

குலுங்கியது. இருமியது. இன்னொரு இருமல். பிறகு ஒரு சீறல். என்ஜின் எழுந்துவிட்டது!

லியனார்ட் ஆக்சிலேட்டரை மிதித்தான். முள் நடுங்கி, மெல்ல எழுந்து, ஏறுகிற பக்கம் சாய்ந்தது. அழகுமுத்து ஓடும் ஜீப்பில் தொற்றி ஏறினான். ஒரு மைல் தாண்டியதும் லியனார்ட் விளக்கைப் போட்டான். வெளிச்சம் பனியை வெள்ளை வெளேரென்று கிழித்துக்கொண்டு போனது.

கந்தப்பளைக் கடைத்தெருவைத் தாண்டினார்கள். ஆஸ்பத்திரியில் சண்முகவடிவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து, "உயிருக்குப் பயமில்ல" என்றாள். காளியாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அப்போதுதான் அழுதாள். இரவுக்கு நர்ஸ் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி அவளையும் திருப்பி அனுப்பினார்கள். வருகிற வழியில் ஜீப் ஒரு விக்கல்கூட விக்கவில்லை.

விடிந்தது. பெரட்டுக் களம். வேலை பிரித்துக் கொடுக்கும் முன் தோட்டமே வரிசையில் நின்றது. துரை வந்தார். கூடவே சூசைரட்ணம். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி.

"தொரை, நேத்து ஜீப் ரோட்டுல நின்னுச்சாம். பொனட்டத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னாங்களாம். நேரா பாத்த ஆளு சொன்னான்." தமிழில்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்க வேண்டுமே.

துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "நின்னான்?"

அழகுமுத்துவுக்கு நாக்கு வரை வந்துவிட்டது. நின்றது, என்னால் நின்றது, என் முட்டாள்தனத்தால் நின்றது. சொல்லிவிட்டால் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கும். வாயைத் திறந்தான்.

காலில் ஒரு பூட்ஸ் ஏறி நசுக்கியது.

"நிக்கலீங்க தொரை. நான் நிப்பாட்டுனேன்" என்றான் லியனார்ட். "பொண்ணு வாந்தி எடுத்துச்சு. ஆட்டாம வச்சிருக்கணும்னு நிப்பாட்டுனேன். நிப்பாட்டுன கையோட ரேடியேட்டருக்குத் தண்ணி பாத்தேன்."

"பொய்!" என்றார் சூசைரட்ணம். "காளியாயி! நீதானே கூடப் போன? முன்னால வா. வாந்தி எடுத்தாளா ஒம்மக?"

காளியாயி வரிசையிலிருந்து வந்தாள். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில். அழகுமுத்துவைப் பார்த்தாள். லியனார்டின் கன்னத்தைப் பார்த்தாள். அங்கே நான்கு விரல் இன்னும் லேசாகத் தெரிந்தது.

"எடுத்துச்சுங்க" என்றாள். "ஐயாவுக்குக் காட்டணும்னு வாரிக்கிட்டு வரலீங்க. தெரிஞ்சிருந்தா கொண்டாந்திருப்பேன்."

வரிசையில் எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. சூசைரட்ணத்தின் காது சிவந்தது.

துரை சிரித்தார். அவருக்குத் திருப்தி. "குட். டைனமோ நல்லது. இப்ப வேட்டைக்குப் பெரிய லைட் மாட்டுறான். ரெண்டு லைட். சனிக்கிழமை வேணும்."

சண்முகவடிவு எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.

பெரட்டு கலைந்தது. லியனார்ட் முன்னால் நடந்தான். அழகுமுத்து பின்னால் நடந்தான். ஸ்டோருக்குப் பின்னால், அந்தச் செத்த லொறிக்குப் பக்கத்தில் வந்ததும் அழகுமுத்து நின்றான்.

"லியனார்ட்டு... நான்..."

பளார்!

காது அடைத்துக்கொண்டது. மூக்கில் ரத்த வாசனை வந்தது. அழகுமுத்து கையை ஓங்கவில்லை.

"ஒனக்காகப் பொய் சொன்னேன்னு நெனச்சுக்காத" என்றான் லியனார்ட், மூச்சு வாங்க. "பழைய டைனமோ ஏறுனா அடுத்து எவ செத்தாலும் ஓட்டிக்கிட்டுப் போறவன் நான்தான். இன்னொருத்திய என்னால தூக்க முடியாது. அதுக்குச் சொன்னேன். அறை வாங்குனது வேற கணக்கு. அது இப்ப சரி."

இருவரும் லொறியின் துருப்பிடித்த மட்காட்டில் உட்கார்ந்தார்கள். லியனார்ட் பீடிக் கட்டை எடுத்தான். காகிதம் கிழிந்திருந்தது. இரண்டை எடுத்து ஒன்றை நீட்டினான்.

"ரெண்டு வேட்டை லைட்டாம். மாட்டப் போறியா?"

அழகுமுத்து வாயோரத்துச் சிவப்பைத் துடைத்தான். ஸ்டோர் மூலையில், ஜீப்பிலிருந்து இறக்கிப் போட்ட பழைய பட்டரி தூசி படிந்து கிடந்தது. அதைப் பார்த்தான். ஆறு மாதத்துக் கோபம் அப்படியேதான் இருந்தது. போகிற திசை மட்டும் இப்போது தெரிந்தது.

"மாட்டுவேன். அந்த ஆறு வோல்ட்டுல மாட்டுவேன். தனியா. பெரிய பட்டரிக்கும் வேட்டை லைட்டுக்கும் ஒரு ஒயரு சம்பந்தம் இருக்காது. பாதுகாப்புக்குன்னு சொல்லிக்கலாம்."

"அது அரை மணி நேரம் தாங்காதேடா."

"தாங்காது."

"எறங்கிப் போனா யாரு சார்ஜ் ஏத்திக் குடுக்குறது?"

"நாமதான். ஸ்டோருல. நேரம் கெடைக்கிறப்ப."

லியனார்ட் வீங்கிய கன்னத்தோடு சிரிக்க முயன்று, வலித்து, நிறுத்திக்கொண்டான்.

"சரி, எந்திரி. மொதல்ல அந்தப் பெட்டிய இன்னொரு தடவ தொறந்து தொடை. மூலையில மிச்சம் மீதி இருந்தா, இந்தத் தடவ நானே ஒன்னைப் பள்ளத்துல தள்ளிருவேன்."